ஓடும் மணலும் ஒரு தகட்டுக் கதவும்

சுத்திகரிப்பு ஆலையில் கனமான எண்ணெயை உடைக்கும் எப்.சி.சி. பிரிவில் ஓடும் வினையூக்கியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் கடற்கரையின் நுண்மணல் போல இருக்கும். புதியது சுண்ணாம்புப் பொடியின் வெள்ளை. எண்ணெயைத் தொட்டு வந்தது கன்னங்கரேல். கரி எரிந்து மீண்டது வெளிர்சாம்பல். ஒரு துகளின் குறுக்களவு சராசரியாக 70, 80 மைக்ரான், ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன். இந்தப் பொடிக்குள் கீழிருந்து காற்றையோ நீராவியையோ ஊதினால் அது நீரைப் போல நடக்கத் தொடங்கிவிடும். மட்டம் காட்டும், குழாயில் இறங்கும், நிற்கும் உயரத்துக்கு ஏற்ப அழுத்தமும் தரும். பெட்ரோல் எடுக்கும் சுத்திகரிப்பு ஆலையின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த ஒரு குணத்தின்மேல்தான் நிற்கிறது. அங்கே வேலை செய்பவர்களின் உயிரும் அதன்மேல்தான் நிற்கிறது.

கனமான எண்ணெயை வினையூக்கியால் உடைத்துப் பெட்ரோலாக்கும் தொழிலைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர் பிரெஞ்சுக்காரரான யூஜீன் ஹூட்ரி. 1937இல் பென்சில்வேனியாவின் மார்கஸ் ஹுக் நகரில் சன் ஆயில் நிறுவனத்துக்காக அவருடைய முறையில் ஆலை இயங்கியது. அதில் வினையூக்கி கலத்துக்குள் அசையாமல் கிடந்தது. சில நிமிடங்களிலேயே அதன்மேல் கரி படிந்துவிடும். எண்ணெயை நிறுத்தி, கரியை எரித்து, மறுபடியும் எண்ணெயை விட வேண்டும். அசையாத வினையூக்கியை ஓடவிட்டால் என்ன என்று யோசித்தவர்கள் நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலின் ஆய்வாளர்கள் டொனால்ட் கேம்ப்பெல், ஹோமர் மார்ட்டின், எகர் மர்ஃப்ரீ, சார்லஸ் டைசன். எம்.ஐ.டி. பேராசிரியர்கள் வாரன் லூயிஸும் எட்வின் கில்லிலேண்டும் பொடி நீராகும் வித்தையை ஆராய்ந்து வழிகாட்டினார்கள். 1942 மே 25 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜில் உலகின் முதல் எப்.சி.சி. ஓடத் தொடங்கியது. போர்க்காலம், விமானங்களுக்கு உயர்ரகப் பெட்ரோல் வேண்டியிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் இவ்வகை ஆலைகள் எழுந்தன.

இன்றும் அடிப்படை அதுதான். ரைசர் என்ற நெட்டுக்குழாயின் அடியில் கரியை எரிக்கும் கலமான ரீஜெனரேட்டரிலிருந்து வரும் சூடான வினையூக்கியும் எண்ணெயும் சந்திக்கின்றன. எண்ணெய் ஆவியாகிப் பொடியைத் தூக்கிக்கொண்டு மேலே பாய்கிறது. இரண்டு மூன்று வினாடிகளில், 520 முதல் 550 டிகிரி செல்சியஸில், எல்லாம் முடிந்துவிடும். ஆவி முதன்மைக் கோபுரத்துக்குப் போகும். கரி படிந்த பொடி ரீஜெனரேட்டருக்கு இறங்கி, 700 டிகிரிக்கு அருகே காற்றில் எரிந்து, சூட்டோடு ரைசருக்குத் திரும்பும். எண்ணெயை உடைக்க வேண்டிய வெப்பத்தை எண்ணெய் விட்டுச்சென்ற கரியே தருகிறது. தன் விறகைத் தானே சுமந்து வரும் அடுப்பு இது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் எண்ணெய் வாங்கும் பிரிவில் நிமிடத்துக்கு 35, 40 டன் பொடி சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தியச் சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியன் ஆயிலின் பரீதாபாத் ஆய்வு மையம் உருவாக்கிய இண்ட்மேக்ஸ் முறை, கனமான அடிமட்ட எண்ணெயிலிருந்து சமையல் எரிவாயுவை மிகுதியாக எடுக்கும் எப்.சி.சி.தான். 2003இல் குவாஹாத்தியில் சிறிய அளவில் தொடங்கி, பாராதீப்பில் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் கொள்ளும் பிரிவாக வளர்ந்தது.

லாபம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது எண்ணெயின் விலை. ஆனால் இந்தப் பிரிவில் பணம் சின்னச் சின்ன வாய்களின் வழியே கசிகிறது. எண்ணெயோடு வரும் நிக்கல் வினையூக்கியில் படிந்தால், பெட்ரோலாக வேண்டியது ஹைட்ரஜனாகவும் கரியாகவும் போகும். வனேடியம் வினையூக்கியின் உயிரான ஜியோலைட்டையே அழித்துவிடும். நீராவிக் குழாயில் திரளும் நீரை வெளியேற்றும் ஒரு ஸ்டீம் ட்ராப் அடைத்துக்கொண்டால் ஈரமான நீராவி உள்ளே போய், துகள்களை வெடிக்கவைத்துத் தூளாக்கும். பொடியைச் சுழற்றிப் பிரிக்கும் சைக்ளோனால் அந்தத் தூளைப் பிடிக்க முடியாது. அது புகையோடு வெளியேறும், அல்லது கோபுரத்தின் அடியிலுள்ள ஸ்லரி எண்ணெயில் கலந்து பம்பை அரிக்கும். கைக்கு அடக்கமான ஒரு ட்ராப்பை மாற்றாமல் விட்டதற்கு, டன் டன்னாகப் புது வினையூக்கி வாங்கிக் கொட்ட வேண்டிவரும். ஸ்லரி மாதிரியை அன்றாடம் சோதித்துச் சாம்பல் அளவைக் குறிக்கும் ஆய்வுக்கூட ஊழியர்தான் ஆலையின் உண்மையான கணக்குப்பிள்ளை என்று சொன்னால் மிகையாகாது.

இனி அந்தத் தகட்டுக் கதவு. ரைசர் முடியும் ரியாக்டர் பக்கம் எண்ணெய் ஆவி. ரீஜெனரேட்டர் பக்கம் காற்று. இரண்டுக்கும் இடையே திறந்த குழாய்கள். நடுவில் சுவர் கிடையாது. குழாயில் நிரம்பி நிற்கும் பொடிதான் சுவர். அந்தப் பொடியைத் தாங்கி, அளந்து விடுவது ஸ்லைடு வால்வு. ஒரு தகடு நகர்ந்து வழியைக் கூட்டும், குறைக்கும். 500 டிகிரிக்கு மேல் சுடும் மணல் ஆண்டுக்கணக்கில் அந்தத் தகட்டின் விளிம்பை உரசிக்கொண்டே இருக்கிறது. ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் டர்ன்அரவுண்டில் கழற்றிப் பார்த்தால் கறையான் அரித்த பலகை போல இருப்பதும் உண்டு. ஆலை ஓடும்போது இது பெரிதாகத் தெரியாது, மேலே பொடி நிரம்பியிருப்பதால். எண்ணெயை நிறுத்தி வால்வை மூடும்போதுதான் தெரியும்.

2015 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் டாரன்ஸில் எக்ஸான்மொபில் ஆலையில் நடந்தது அதுதான். 16ஆம் தேதி, ரீஜெனரேட்டரின் புகையால் சுழலும் எக்ஸ்பாண்டர் அதிரத் தொடங்கியதால் எப்.சி.சி.யை எண்ணெயில்லாமல் காத்திருப்பு நிலையில் வைத்தார்கள். அரிக்கப்பட்டிருந்த ஸ்லைடு வால்வு பொடியைத் தாங்கவில்லை. சுவர் வழிந்து போயிற்று. ரியாக்டருக்குள் விட்ட நீராவி மட்டுமே தடுப்பாக நின்றது. 18ஆம் தேதி காலை, எக்ஸ்பாண்டரைப் பழுதுபார்க்கத் திறந்த பிளாஞ்சு வழியே நீராவி வெளியேறியது. வேலை செய்ய இடைஞ்சல் என்று அந்த நீராவியைக் குறைத்தார்கள். கோபுரத்திலிருந்த எண்ணெய் ஆவி பின்னோக்கி வந்து, ரியாக்டரைத் தாண்டி, காற்றுப் பக்கம் நுழைந்தது. தொழிலாளர்கள் சட்டையில் மாட்டியிருந்த ஹைட்ரஜன் சல்பைடு எச்சரிக்கைக் கருவிகள் கத்தின. நீராவியை மறுபடி கூட்டினார்கள். நேரம் கடந்துவிட்டது. மின்சாரம் நிறுத்தப்படாமலிருந்த, மின்விசையால் புகையின் தூசியைப் பிடிக்கும் கருவி வெடித்தது. நான்கு பேருக்குச் சிறு காயம். ஆனால் ஏறத்தாழ 40 டன் எடையுள்ள ஒரு துண்டு, ஹைட்ரோபுளோரிக் அமிலம் கொண்ட கலத்துக்கு மிக அருகே விழுந்தது. அது சில அடி தள்ளி விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணினாலே நெஞ்சு பதறுகிறது. ஆலை ஓராண்டுக்கு மேல் முழு அளவில் ஓடவில்லை.

மூன்றாண்டு கழித்து, 2018 ஏப்ரல் 26 அன்று விஸ்கான்சினின் சுப்பீரியர் நகரில், ஹஸ்கி ஆலையில் அதே கதை தலைகீழாக நடந்தது. டர்ன்அரவுண்டுக்காக எப்.சி.சி.யை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். தேய்ந்த ஸ்லைடு வால்வு வழியே இம்முறை காற்று எண்ணெய்ப் பக்கம் போனது. கோபுரத்தைத் தாண்டி எரிவாயு பிரிக்கும் பகுதியில் இரண்டு கலங்கள் வெடித்தன. பறந்த இரும்புத் துண்டு தார் எண்ணெய்த் தொட்டியைத் துளைத்தது. கொட்டிய தார் பிறகு பற்றியெரிந்தது. 36 பேர் மருத்துவ உதவி நாடினார்கள். நகரின் ஒரு பகுதியே காலி செய்யப்பட்டது. அந்த ஆலை மறுபடி எண்ணெய் வாங்கியது 2023இல்.

இரண்டையும் ஆராய்ந்தது அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம். இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒன்று பளிச்செனத் தெரியும்: இரண்டு எப்.சி.சி. பிரிவுகளும் அந்தக் கணத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட எடுத்துக்கொண்டிருக்கவில்லை. ஓட்டத்துக்குத்தான் கவனம் முழுதும் செலவாகிறது. நிறுத்தும் மணிநேரங்களுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கிறது. நான்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும் வேலை என்பதால் ஷிப்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் அதைச் செய்தே இருக்க மாட்டார்கள். பழுது பார்க்கும் செலவைத் தள்ளிப்போட்டு ஈட்டிய லாபத்தை லாபம் என்று எழுதுவதே கணக்குத் தவறு.

வால்வு தேய்ந்திருக்கிறதா என்று ஓடும் ஆலையில் மூடிப் பார்க்க முடியாது. ஆனால் வால்வு தன் நிலையைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும். எண்ணெயின் அளவும் வெப்பநிலையும் வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாடும் மாறாமலிருக்க, சென்ற ஆண்டு 45 சதவீதம் திறந்திருந்த வால்வு இந்த ஆண்டு 35 சதவீதத்திலேயே அதே பொடியை விடுகிறது என்றால், தகடு மறைக்காத இடத்தில் வழி விழுந்திருக்கிறது என்று பொருள். அந்த எண் கட்டுப்பாட்டு அறைத் திரையின் ஒரு மூலையில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷிப்ட் மாறும்போது எழுதும் பதிவேட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டு, மாதம் ஒருமுறை பழைய பக்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பேனாவும் கால்மணி நேரமும் போதும்.