சிலம்பின் மூன்று கனாக்கள்: கண்டோரும் கேட்டோரும்

கனவு மெய்யாகுமா என்று சிலப்பதிகாரம் வினவுவதில்லை. மெய்யாகும் என்பது அக்காப்பியத்தின் முன்முடிபு. ஆதலின் ஆராயத்தக்க வினா வேறு: வரப்போவதைக் கனவில் அறிந்தவர் அவ்வறிவைக் கொண்டு என் செய்தனர்?

கனாக்குறிகள் இளங்கோவடிகள் புதிதாகப் படைத்தவை அல்ல. சோழன் கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 41ஆம் பாட்டில், பகைவர் நாட்டார் காணும் தீக்கனவுகள் அடுக்கிக் கூறப்படுகின்றன. பல் நிலத்தில் வீழ்தல், எண்ணெய் ஆடுதல், விலங்கின்மேல் ஏறுதல், உடை களைதல் என்பன அவற்றுட் சில. (பல் விழக் கனவு கண்டால் இன்றும் தமிழர் இல்லங்களில் கலக்கம் உண்டாவது நினையத்தக்கது.) மதுரைப் புறஞ்சேரியில் மாடலனிடம் கோவலன் உரைக்கும் கனவிலும் இக்குறிகளுள் இரண்டு மீண்டும் வருகின்றன. அவன் ஆடை பறிக்கப்படுகிறது. கொம்புடைய விலங்கொன்றை ஊர்ந்து செல்கிறான். அவ்விலங்கு எருமை என்பது உரைமரபு. எருமையோ கூற்றுவனின் ஊர்தி. பகைவரை அச்சுறுத்தும் போர்மொழியாகப் புறப்பாட்டில் நின்ற குறிகள், காப்பியத்தில் வணிகன் ஒருவனின் சாவுக்குறிகளாயின.

கண்ணகியின் கனவு இத்தகைய குறிகளை நாடவில்லை. கணவன் கைப்பற்றிச் செல்ல ஒரு பெரும்பதியை அடைந்தது, அங்கு எழுந்த பொய்ப்பழி, கோவலனுக்கு உற்ற தீங்கு, அரசன்முன் தான் வழக்குரைத்தது, அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த கேடு என நிகழ்ச்சிகளே நேராக வருகின்றன. கோப்பெருந்தேவி காண்பதோ குடையும் செங்கோலும் வீழ்வதும் வாயில்மணி நடுங்குவதும் ஆகும். வணிகன் கனவில் ஆடை, அரசி கனவில் அரசுச் சின்னங்கள். கனவு காண்பவரின் நிலைக்கேற்ப அதன் மொழியும் வேறுபடுவதை இளங்கோ நன்கு அறிந்திருந்தார்.

கனவு பலிக்கும் காலத்தை வரையறுப்பது பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூல். இரவின் முதல் யாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்தது 8 திங்களிலும், மூன்றாவது 3 திங்களிலும், கடையாமத்தது 10 நாளிலும் பலிக்கும் என்பது அதன் விதி. கோவலனோ நள்ளிருள் யாமத்தில் கண்ட கனவை விரைவில் பலிக்கும் என்கிறான். அவ்வாறே பலித்தும் விடுகிறது. நள்ளிரவை இரண்டாம் யாமமாகக் கொள்ளினும் மூன்றாம் யாமமாகக் கொள்ளினும், அவனது விரைவு இக்கணக்கில் அடங்காது. கனவை அளந்து கூறும் நூல்மரபும் கதையின் தேவையும் இங்குப் பிரிகின்றன. காப்பியத்துக்கு இன்றியமையாதது காலக்கணக்கன்று, கேட்போரின் செயலே.

கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்திக்கு மட்டுமே உரைத்தாள். சோமகுண்டம், சூரியகுண்டம் ஆகிய துறைகளில் நீராடிக் காமவேளை வழிபட்டால் கணவனோடு கூடலாம் என்றாள் தேவந்தி. அது தனக்குப் பெருமையன்று எனக் கண்ணகி மறுத்தாள். இம்மறுப்பைக் கற்பின் பெருமிதமாகப் போற்றுவது பொதுவழக்கு. அதைவிட வியப்பானது அடுத்து நிகழ்வது. அவ்வேளையே வந்த கோவலனிடம் அவள் கனவைச் சொல்லவில்லை. சிலம்பு உண்டு என்றே கூறுகிறாள். பெரும்பதி ஒன்றில் தீங்கு நேரும் எனக் கண்டவள், மதுரைக்குப் புறப்படும் கணவனுடன் வாய்திறவாது செல்கிறாள்.

கோவலன் மறைக்கவில்லை. ஆயினும் அவன் கனவைக் கேட்ட மாடலனும், உடனிருந்த கவுந்தியடிகளும், புறஞ்சேரி அறவோர்க்கே உரியது, கதிரவன் மறையுமுன் நகருள் புகுக என்றே அறிவுறுத்தினர். அன்பினால் கூறிய அச்சொல்லும் அவனைக் கொலைக்களத்துக்கு அணித்தாக்கியது. அதே கனவில் மாதவி மணிமேகலையைப் போதி அறவோன்முன் அளித்த காட்சியும் இருந்தது. அதன் பலனைக் காண அவன் உயிரோடு இல்லை.

மூவருள் கனவை உரியவரிடமே கொண்டு சென்றவள் கோப்பெருந்தேவி ஒருத்திதான். அவள் அதனைப் பாண்டியனிடம் உரைத்தபொழுது கோவலன் கொலையுண்டிருந்தான். ஒற்றைச் சிலம்பேந்திய கண்ணகி அரண்மனை வாயிலில் நின்றிருந்தாள்.