மணலி உரத் தொழிற்சாலையும் 1966ஆம் ஆண்டின் வெளியுறவு நெருக்கடியும்

வட சென்னையில் திருவொற்றியூருக்கு மேற்கே அமைந்துள்ள மணலியில் 1960களின் பிற்பகுதியில் இரண்டு பெரிய ஆலைகள் உருவாயின. ஒன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்னும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மற்றொன்று மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் என்னும் உரத் தொழிற்சாலை. இரண்டிலும் இந்திய அரசுடன் அமெரிக்காவின் அமோகோ நிறுவனம் பங்கு கொண்டிருந்தது. உரத் தொழிற்சாலை உருவான பின்னணி, 1966 ஜனவரியில் பதவியேற்ற இந்திரா காந்தி அரசு மேற்கு நாடுகளுடன் நடத்திய பேரத்தோடு நெருங்கிய தொடர்புடையது. உணவுக்குப் பிற நாட்டை நம்பியிருக்கும் அரசு தன் வெளியுறவுக் கொள்கையை எவ்வளவு தூரம் சுதந்திரமாக வகுக்க முடியும் என்பதே அந்தப் பேரத்தின் மையக் கேள்வியாக இருந்தது.

பின்னணி

அமெரிக்கா தன் உபரி விளைபொருள்களைப் பொதுச்சட்டம் 480இன் கீழ் வெளிநாடுகளுக்கு வழங்கி வந்தது. இது இந்தியாவில் 'பி.எல். 480' என்ற பெயரில் அறியப்பட்டது. இதன்படி 1956இல் முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1960 மே மாத ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளில் 1.6 கோடி டன் கோதுமையும் 10 லட்சம் டன் அரிசியும் வழங்க வகை செய்தது. விலையை டாலரில் அல்லாமல் ரூபாயில் செலுத்தலாம் என்பதால், அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையில் இருந்த இந்தியாவுக்கு இது பெரும் வசதியாக இருந்தது. இந்தத் தானியக் கப்பல்கள் வந்து சேர்ந்த துறைமுகங்களுள் சென்னையும் ஒன்று.

1965இல் பருவமழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டில் சுமார் 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966இல் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இறக்குமதி செய்யப்பட்டது.

1965 போரும் மேற்கு நாடுகளும்

1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபோது அமெரிக்காவும் பிரிட்டனும் இரு நாடுகளுக்கும் ராணுவ உதவியை நிறுத்தின. பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்டு வில்சன் இந்தியாவைக் குறைகூறி வெளியிட்ட அறிக்கை இந்தியாவில் கடும் அதிருப்தியை உண்டாக்கியது. போருக்குப் பிந்தைய சமரசப் பேச்சு மேற்கு நாடுகளின் தலைநகர் எதிலும் நடக்கவில்லை. சோவியத் ஒன்றியத்தின் தாஷ்கண்டில் நடந்தது. அங்கேயே 1966 ஜனவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி காலமானார்.

பி.எல். 480 ஒப்பந்தக் காலம் 1965 ஜூனில் முடிந்திருந்தது. அதன் பிறகு அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்துக்கு இசையாமல், சில வாரங்கள் அல்லது மாதங்களுக்குப் போதுமான தானியத்தை மட்டும் அவ்வப்போது அனுமதித்தார். ஒவ்வொரு தவணையையும் அவரே நேரடியாகக் கண்காணித்தார்.

ரோம் உடன்பாடு

அப்போது மத்திய உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்தவர் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண்மைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனுடன் அவர் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். வேளாண்மைக்குக் கூடுதல் முதலீடு, உயர் விளைச்சல் விதைகள், ரசாயன உர உற்பத்தியில் தனியார் அந்நிய முதலீட்டுக்கு இடமளித்தல் ஆகியவை அதன் முக்கியக் கூறுகள். இவற்றில் பலவும் சுப்பிரமணியம் ஏற்கெனவே வலியுறுத்தி வந்தவை. எனவே இதை அமெரிக்கா திணித்த திட்டம் என்று மட்டும் கொள்ள முடியாது. எனினும் தானிய வரவு இந்த மாற்றங்களோடு இணைக்கப்பட்டிருந்தது.

1965 டிசம்பரில் இந்திய அரசு புதிய உரக் கொள்கையை அறிவித்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் உரிமம் பெறும் நிறுவனங்கள், உற்பத்தி தொடங்கியபின் ஏழாண்டுகளுக்குத் தம் உரத்தின் விலையையும் விநியோகத்தையும் தாமே முடிவு செய்து கொள்ளலாம் என்ற சலுகை அதில் இடம்பெற்றது.

பாரிஸ், வாஷிங்டன், லண்டன், மாஸ்கோ

1966 ஜனவரி 24 அன்று இந்திரா காந்தி பிரதமரானார். மார்ச் இறுதியில் அவர் வாஷிங்டன் சென்றார். வழியில் பாரிஸில் அதிபர் சார்லஸ் டி கோலைச் சந்தித்தார். அதே மாதத்தில்தான் பிரான்ஸ், நேட்டோவின் ஒருங்கிணைந்த ராணுவத் தலைமையிலிருந்து விலகும் முடிவை அமெரிக்காவுக்குத் தெரிவித்திருந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இருந்த நட்பு நாடுகளே ஒரே குரலில் பேசாத காலம் அது.

ஆனால் பணம், தானியம் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தியாவுக்கு அதிக வழிகள் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, கனடா உள்ளிட்ட நாடுகள் உலக வங்கியின் தலைமையில் 'இந்திய உதவிக் கூட்டமைப்பு' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தே உதவித் தொகையைத் தீர்மானித்தன. வாஷிங்டன் பயணத்தின்போது ஜான்சன், இந்தியாவுக்கு மேலும் 35 லட்சம் டன் தானியம் வழங்குமாறு அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் இந்திரா காந்தி லண்டனுக்கும் மாஸ்கோவுக்கும் சென்றார்.

நாணய மதிப்புக் குறைப்பு

ரூபாயின் மதிப்பைக் குறைக்க வேண்டும் என்பது உலக வங்கி, அமெரிக்கா ஆகியவற்றின் நிலைப்பாடு. இதை எதிர்த்து வந்த நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1965 டிசம்பர் இறுதியில் வேறொரு காரணத்தால் பதவி விலகியிருந்தார். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4.76 ரூபாயாக இருந்த ஒரு டாலரின் விலை 7.50 ரூபாயானது. காங்கிரஸ் தலைவர் காமராஜர் இம்முடிவை ஏற்கவில்லை.

பிரிட்டிஷ் தொழில்நுட்பக் கூட்டுறவுடன் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியாவும் இயங்கி வந்த வட சென்னைத் தொழிற்பகுதிக்கு இது தொலைதூரச் செய்தியாக இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் எந்த இயந்திரத்துக்கும் உதிரிப் பாகத்துக்கும் ரூபாய்க் கணக்கில் ஒன்றரை மடங்குக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று.

வியட்நாமும் கோதுமையும்

மதிப்புக் குறைப்பு முடிந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், 1966 ஜூலையில், வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்தி ஜெனீவா மாநாட்டை மீண்டும் கூட்ட வேண்டும் என்று இந்திரா காந்தி கோரினார். அதே மாதம் மாஸ்கோவில் வெளியான இந்திய-சோவியத் கூட்டறிக்கை வாஷிங்டனுக்கு மேலும் கசப்பாக இருந்தது. 1966 இறுதியில், பீகார் வறட்சியில் தவித்துக் கொண்டிருந்தபோது, அமெரிக்கத் தானிய அனுமதி தாமதமானது. மதிப்புக் குறைப்பால் உள்நாட்டில் எதிர்ப்பையும், வியட்நாம் பற்றிய கருத்தால் வெளிநாட்டில் கோபத்தையும் புதிய அரசு ஒரே நேரத்தில் எதிர்கொண்டது.

மணலியில் உருவான ஆலைகள்

மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1965 இறுதியில், சாஸ்திரி காலத்திலேயே தொடங்கப்பட்ட நிறுவனம். இந்திய அரசுக்கு 74 விழுக்காடும், அமோகோவுக்கும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கும் தலா 13 விழுக்காடும் பங்கு இருந்தன. ஈரானியக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் இந்த ஆலை 1969இல் செயல்படத் தொடங்கியது.

மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் 1966 டிசம்பரில் பதிவு செய்யப்பட்டது. இந்திய அரசுக்கு 51 விழுக்காடும் அமோகோவுக்கு 49 விழுக்காடும் பங்கு. சுத்திகரிப்பு ஆலையில் கிடைக்கும் நாப்தாவிலிருந்து அமோனியாவும், அதிலிருந்து யூரியாவும் கலப்பு உரமும் தயாரிப்பது திட்டம். 1971 நவம்பரில் வணிக உற்பத்தி தொடங்கியது. அந்நிய முதலீட்டை வரவேற்ற அரசு, பெரும்பான்மைப் பங்கைத் தன்னிடமே வைத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

தமிழகத்தில் எதிரொலி

அரிசிப் பற்றாக்குறையும் விலையேற்றமும் 1967 பொதுத்தேர்தலில் தமிழகத்தின் முக்கியப் பிரச்சினைகளாக இருந்தன. 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் சேர்ந்து காங்கிரஸின் தோல்விக்கு வழிவகுத்தது. காமராஜரும் சி. சுப்பிரமணியமும் தோற்றனர். அண்ணாதுரை தலைமையில் அமைந்த தி.மு.க. அரசு சென்னை, கோவை நகரங்களில் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியது. பசுமைப் புரட்சிக்கு அடித்தளமிட்ட அமைச்சர், அதன் பலன் தெரிவதற்கு முன்பே பதவியை இழந்தார்.

பிற்கால நிலை

1967-68இல் விளைச்சல் சுமார் 9.5 கோடி டன்னாகவும் 1970-71இல் சுமார் 10.8 கோடி டன்னாகவும் உயர்ந்தது. பி.எல். 480 இறக்குமதி 1971 இறுதியில் நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வங்கதேசப் போரின்போது அமெரிக்கா தன் கடற்படையை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியும் இந்திய அரசு பின்வாங்கவில்லை. 1966இல் அத்தகைய உறுதியைக் காட்டியிருந்தால் அதன் விலையைத் தானியக் கப்பல்களில் கொடுக்க நேர்ந்திருக்கும்.

அமோகோ 1985இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸிலிருந்து விலகியது. அதன் பங்குகளை இந்திய அரசும் ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனமும் வாங்கின. சுத்திகரிப்பு ஆலை 2000ஆம் ஆண்டில் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. தானியத்துக்காகப் பிறரைச் சார்ந்திருந்த நிலையிலிருந்து இந்தியா வெளியேற உதவிய ஆலைகளுள் ஒன்று, அந்தச் சார்பு உச்சத்தில் இருந்தபோது நடந்த பேரத்தின் பின்னணியில், அமெரிக்க முதலீட்டுடன் உருவானது என்பதே மணலியின் வரலாற்றுச் சிறப்பு.