கணக்குக் காட்டாதவர் இறங்கட்டும்

நாம ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் சரியில்லை என்றால், அஞ்சு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வேறு வழி உண்டா? 'திரும்ப அழைக்கும் உரிமை' என்று பாடப்புத்தகத்தில் ஒன்று இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1903-இல் அதைத் தன் சாசனத்தில் எழுதிக்கொண்டது. இந்தியாவில் 1974-இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் அதைக் கோரிக்கையாக எழுப்பினார். ஆக, இது போன நூற்றாண்டுச் சரக்கு என்றுதான் நினைப்போம்.

ஆனால் திருவொற்றியூரில் காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய உத்திரமேரூரில், ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பாதியிலேயே இறக்கும் விதி பத்தாம் நூற்றாண்டிலேயே இருந்தது.

வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள அந்த இரண்டு கல்வெட்டுகளும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஊரில் முப்பது குடும்பு, அதாவது இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொன்றிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், மீதி ஆறு பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள்.

பாடப்புத்தகம் பெரும்பாலும் குடத்தோடு நின்றுவிடும். சுவாரசியமான சங்கதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. வாரியம் செய்துகொண்டிருக்கும்போதே ஒருவர் மேல் குற்றம் கண்டால் அவரை நீக்கிவிட வேண்டும் என்கிறது கல்வெட்டு. 360 நாளும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயர் மறுபடி குடத்துக்குள் போகவே முடியாது. அவர் மட்டுமா? அப்பா, மகன், அண்ணன் தம்பி, மாமன், மைத்துனன் எனச் சொந்தக்காரர்கள் பட்டியலே நீள்கிறது. ஒருத்தன் கணக்கை அமுக்கினால் மொத்தக் குடும்பத்துக்கும் கதவு சாத்தப்படும். இன்றைக்கு இப்படி ஒரு சட்டம் வந்தால் வேட்பாளர் பட்டியலில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? தூர் வாரும் வேலையில் திருடுவது ரொம்பச் சுலபம். எவ்வளவு மண் எடுத்தார்கள் என்பது மழை பெய்து தண்ணீர் நின்ற பிறகு யாருக்கும் தெரியாது. கரை உடைந்த பிறகுதான் தெரியும். அதற்குள் பயிர் போயிருக்கும். அதனால் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்: ஒருமுறை இருந்தவர் அடுத்த மூன்று வருஷம் வர முடியாது.

இதைப் பொற்கால ஜனநாயகம் என்று கொண்டாடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. விதி எழுதிய சபையில் அரசனின் அதிகாரியும் உடனிருந்தார். இறக்கும் உரிமை இருந்தது. அது சிலருக்கு மட்டுமே இருந்தது.

ஆயிரம் வருஷம் தாண்டி வருவோம். 1997-இல் ஆந்திரம் பாசனத்தை விவசாயிகளின் கையில் கொடுக்க ஒரு சட்டம் போட்டது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், அதற்குத் தேர்தல், தலைவர். அந்தச் சட்டத்திலேயே திரும்ப அழைக்கும் வழியும் இருந்தது: உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் கொடுக்கலாம், பதவியேற்று ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். தமிழ்நாடும் 2000-இல் அதே வழியில் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. ஆனால் இந்தச் சங்கங்களிலும் ஓட்டுக்கு அடிப்படை நிலம்தான். கூலிக்கு நாற்று நடும் பெண்ணுக்கு அங்கே என்ன இடம்?

இப்போது வடசென்னைக்கு வாங்க. கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி எண்ணூரில் கடலைச் சேர்கிறது. மேலே வயல் வைத்திருப்பவருக்குச் சட்டம் ஒரு சங்கத்தைத் தருகிறது. கீழே முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவரும் அதே தண்ணீரை நம்பித்தான் வாழ்கிறார். அவருக்கு எந்த வாரியமும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பியபோது, மீனவர்களே படகில் போய் அதை அள்ளினார்கள். யாரை இறக்குவது? இறக்கக்கூடிய இடத்தில் யாருமே இல்லை.

மாநகராட்சியோ? 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலர்களே கிடையாது. இப்போது இருக்கிறார்கள். ஆனால் ஒரு கவுன்சிலரைப் பதவியிலிருந்து தூக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்கு உண்டு, ஓட்டுப் போட்ட ராயபுரத்துக்காரருக்குக் கிடையாது. நமக்கு மிச்சம் இருப்பது 2022 விதிகளின்படி வந்த ஏரியா சபை. அங்கே எழுந்து நின்று 'போன வருஷம் இந்தக் கால்வாயைத் தூர் வாரின கணக்கு எங்கேபா?' என்று கேட்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டும் பதவிக்கு வர நினைப்பவரிடம் முதலில் கேட்டது அந்தக் கணக்கைத்தான்.