பஸ்: ஒரு நான்காம் வேற்றுமை உருபின் வரலாறு

1

தமிழ்நாட்டில் இன்றைக்கு 'ஆம்னி பஸ்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஏசி, சாய்வு இருக்கை, படுக்கை, ஜன்னலுக்குத் திரை, தீபாவளிக்கு முதல் நாள் எகிறிப்போகும் டிக்கெட் விலை. கையில் காசு உள்ளவர்கள் ஏறுகிற வண்டி. அது இல்லாதவர்கள் ஏறுவதற்குப் பேர் வெறும் 'பஸ்'. ஆனால் 'ஆம்னிபுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். எல்லோருக்கும் என்று பேர் வைத்த வண்டி எப்படிச் சிலருக்கு மட்டுமானதாக ஆச்சு? இதை மொழியின் தற்செயல் விளையாட்டு என்று தள்ளிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் போக மனசில்லை. சொல் ஒன்று பொருள் மாறும்போது, அந்த மாற்றத்துக்குப் பின்னால் யாரோ ஏற்றப்பட்டிருக்கிறார்கள், யாரோ இறக்கிவிடப்பட்டிருக்கிறார்கள்.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் கண்ணில் படுவது முதலில் இலக்கணம்தான். 'ஆம்னிஸ்' என்றால் 'எல்லாம்'. அதன் நான்காம் வேற்றுமைப் பன்மை 'ஆம்னிபுஸ்'. இதில் 'ஆம்னி' பெயர்ப்பகுதி. 'புஸ்' உருபின் கடைசி அசை. ஆங்கிலேயன் சொல்லை வெட்டியபோது பெயரை எறிந்துவிட்டு உருபின் வாலை வைத்துக்கொண்டான். 'எல்லோருக்கும்' என்பதில் 'எல்லோர்' போய்விட்டார்கள். 'க்கு' மட்டும் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் 'பஸ்களுக்கு' என்று எழுதும்போது, உருபின் மேல் உருபை ஏற்றி 'க்குகளுக்கு' என்று எழுதுகிறோம். எல்லோர் என்ற இடம் காலி. அந்தக் காலி இடத்தில் யார் உட்காருவது என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாறு.

நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குச் சொல்கிற பொருள்களில் முதலில் வருவது கொடை. அடுத்து வருவது பகை. கொடுப்பதற்கும் பகைப்பதற்கும் தமிழில் உருபு ஒன்றுதான். இலக்கண வகுப்பில் இதை மனப்பாடம் பண்ணிவிட்டு மறந்துபோகிறோம். பஸ்ஸின் கதையைப் படிக்கும்போது நன்னூலார் ஏன் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

2

சொல் பிறப்பதற்கு முன்பே வண்டி பிறந்துவிட்டது. 1662இல் பாரிஸில், கணிதத்திலும் தத்துவத்திலும் நமக்குத் தெரிந்த அதே பாஸ்கல், குறித்த தடத்தில் குறித்த நேரத்துக்கு ஓடுகிற குதிரை வண்டிகளை ஏற்பாடு செய்தார். ஆளுக்கு ஐந்து 'ஸூ' கட்டணம். வண்டி ஒருவருக்காகக் காத்திருக்காது; ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் நேரமானால் கிளம்பிவிடும். இன்றைய பஸ்ஸின் தத்துவம் முழுக்க அதில் இருக்கிறது. ஆனால் பாரிஸ் நீதிமன்றம் அதைப் பதிவு செய்தபோது ஒரு நிபந்தனை போட்டது: சிப்பாய்கள், ஏவலாட்கள், எடுபிடிகள், உடலுழைப்புக்காரர்கள் ஏறக்கூடாது. அதாவது, பொதுப் போக்குவரத்து என்ற யோசனை பிறந்த கையோடு 'பொது' என்பதிலிருந்து உழைப்பவர்கள் கழிக்கப்பட்டார்கள். சில வருஷங்களில் அந்த வண்டிகள் நின்றுபோயின.

பேர் வந்தது 1820களில், பிரான்ஸின் நாந்த் நகரத்தில். ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஊருக்கு வெளியே வெந்நீர்க் குளியலறை நடத்தினார். வாடிக்கையாளர்களைக் கூட்டிப்போக வண்டி விட்டார். குளிக்கப் போனவர்களைவிட வழியில் ஏறி இறங்கினவர்களே அதிகம். குளியலை விட்டுவிட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டார். அந்த வண்டி நின்ற இடத்தில் ஓம்னெஸ் என்ற தொப்பி வியாபாரியின் கடை இருந்தது, அவர் தன் பேரோடு சிலேடையாக 'ஓம்னெஸ் ஓம்னிபுஸ்' என்று பலகை மாட்டியிருந்தார், அதிலிருந்துதான் இந்தப் பேர் என்று ஒரு கதை உண்டு. கதைக்கு ஆதாரம் வலுவாக இல்லை. இருந்தாலும் இது ஏன் இத்தனை காலம் சொல்லப்படுகிறது என்று பார்க்கலாம். 'எல்லோருக்கும்' என்ற பெரிய வார்த்தை ஒரு கடைக்காரரின் விளம்பரப் பலகையில் பிறந்தது என்பதில் ஒரு நியாயம் தட்டுப்படுகிறது. சந்தை தன்னை எப்போதும் எல்லோருக்கும் என்றுதான் அறிவித்துக்கொள்கிறது. பிரெஞ்சுப் புரட்சியின் சமத்துவம் 1820களில் அந்நாட்டின் அரசியலில் இல்லை. முடியாட்சி திரும்பி வந்திருந்தது. சமத்துவம் மூன்று குதிரை பூட்டின வண்டியின் பக்கவாட்டில் எழுத்தாக மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

3

லண்டனுக்கு இதைக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஷில்லிபியர். 1829 ஜூலை 4ஆம் தேதி பாடிங்டனிலிருந்து 'பாங்க்' வரை அவருடைய 'ஆம்னிபஸ்' ஓடியது. முழுத் தூரத்துக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அன்றைய கூலிக்காரனால் நினைத்துப் பார்க்க முடியாத காசு. வண்டிகள் காலையில் ஓட ஆரம்பிக்கும் நேரத்துக்கு முன்பே தொழிலாளி நடந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். ஆக 'எல்லோரும்' என்பதன் அன்றைய அர்த்தம்: சொந்தக் குதிரைவண்டி வைத்துக்கொள்ள வசதி இல்லாத, ஆனால் நடந்துபோவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற கிளார்க்கும் வியாபாரியும். ஷில்லிபியர் போட்டியில் நொடித்துப்போனார். பிறகு சவ வண்டித் தொழிலில் இறங்கினார். யோசித்துப் பார்த்தால் நிஜமாகவே எல்லோரும் ஏறக்கூடிய வண்டி அது ஒன்றுதான்.

1830களிலேயே பேச்சில் சொல் சுருங்கி 'பஸ்' ஆகிவிட்டது. எழுதும்போது முன்னால் ஒரு மேற்கொம்பு போட்டு, 'இங்கே ஏதோ வெட்டப்பட்டிருக்கிறது' என்று ரொம்ப நாள் அடையாளம் வைத்திருந்தார்கள். அப்புறம் அந்தத் தழும்பும் மறைந்தது. லண்டனின் பெரிய கம்பெனி 1911இல் தன் கடைசிக் குதிரை பஸ்ஸை நிறுத்தியது. குதிரை போய் மோட்டார் வந்தும் சொல் மாறவில்லை. ஆனால் தொழிலாளர்களைப் பெருவாரியாக முதலில் ஏற்றிக்கொண்டது பஸ் அல்ல. 1870களுக்குப் பின் வந்த டிராமும், மலிவுக் கட்டண ரயிலும்தான்.

ஆங்கிலச் சட்டத்தில் ஒரு கற்பனை மனிதர் இருக்கிறார்: 'க்ளாப்ஹாம் ஆம்னிபஸ்ஸில் போகிறவர்'. நியாயமான, சாதாரணமான ஆள் ஒருவர் இந்தச் சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வார் என்று தீர்மானிக்க நீதிபதிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இவர் ஆண், வெள்ளையர், புறநகர்க்காரர், வேலை நிரந்தரம். ஆம்னிபஸ் ஏற்றிய அந்தச் சிலர் இப்படித்தான் சட்டத்தில் 'எல்லோருக்குமான' அளவுகோல் ஆனார்கள். சிறுபான்மை ஒன்று தன்னைப் பொதுவாகக் காட்டிக்கொள்வதைத்தான் கருத்தியல் என்கிறோம். அதற்கு இவ்வளவு சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

4

இதன் மறுபக்கம் அமெரிக்காவின் மாண்ட்கோமரி. அங்கே கறுப்பினத்தவர் முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக ஏற வேண்டியிருந்தது. முன்னிருக்கைகள் வெள்ளையருக்கு, பின்னிருக்கைகள் கறுப்பருக்கு. நடுவில் இருந்தவை டிரைவர் சொன்னபடி. வெள்ளையர் கூட்டம் கூடினால் எல்லைக்கோடு பின்னால் நகரும். 1955 மார்ச்சில் பதினைந்து வயது க்ளாடெட் கோல்வினும், டிசம்பர் 1இல் ரோசா பார்க்ஸும் எழுந்திருக்க மறுத்தார்கள். 381 நாட்கள் பஸ் புறக்கணிப்பு. பயணிகளில் பெரும்பான்மையோர் கறுப்பர்கள். அவர்கள் நடந்தபோது பஸ் காலியாக ஓடியது. 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இருக்கைப் பிரிவினை செல்லாது என்றது.

இங்கே கவனிக்க வேண்டியது: அவர்கள் தனி பஸ் கேட்கவில்லை. ஏற்கனவே 'எல்லோருக்கும்' என்று ஓடுகிற வண்டியை அதன் பேருக்கு உண்மையாக இரு என்று கேட்டார்கள். பிறகு அந்த ஊர் ஆங்கிலத்தில் 'பஸ்' வினைச்சொல்லாகவும் ஆனது. பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழிக்கப் பிள்ளைகளை வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு ஏற்றிச் செல்வதற்கு அந்தப் பேர். 1974இல் பாஸ்டனில் கறுப்புப் பிள்ளைகள் போன பஸ்களின் மேல் கல் விழுந்தது. கொடையும் பகையும் ஒரே உருபில்.

5

நம் ஊருக்கு வருவோம். இங்கே பஸ் வந்தபோது சாதியும் கூடவே ஏறி உட்கார்ந்தது. தென்மாவட்டத் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்த காலம் இருந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன், இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கிற முதலாளிகளின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். 'எல்லோருக்கும்' என்பதைத் தமிழ் மண்ணில் ஓர் உத்தரவின் பலத்தோடுதான் நிறைவேற்ற வேண்டியிருந்தது.

அரசு 1971இல் சட்டம் போட்டுப் பெரிய முதலாளிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டது. 1972இலிருந்து போக்குவரத்துக் கழகங்கள்: பல்லவன், சேரன், சோழன், பாண்டியன், பிறகு கட்டபொம்மன், இன்னும் பலர். மக்கள் வண்டிக்கு மன்னர்கள் பேர். தனித்தமிழ்க்காரர்கள் பஸ்ஸைப் 'பேருந்து' ஆக்கினார்கள். அழகான சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சொல்லில் வண்டியின் பருமன் இருக்கிறது, இயக்கம் இருக்கிறது, 'எல்லோருக்கும்' இல்லை. லத்தீனில் தொலைந்துபோனதைத் தமிழில் மீட்கிற வாய்ப்பு ஒன்று வந்தது. நாம் பெரிசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தோம்.

இந்தக் காலி இடம் 1997இல் ரத்தத்தோடு வெளியே தெரிந்தது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மன் படையில் நின்ற வீரன் சுந்தரலிங்கத்தின் பேர் வைக்கப்பட்டது. அவர் தேவேந்திரர் சமூகத்தவர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள், தென்மாவட்டங்களில் கலவரம். மன்னர்கள் பேரில், பாளையக்காரர்கள் பேரில் இத்தனை காலம் ஏறி இறங்கினவர்களுக்கு இந்த ஒரு பேர் மட்டும் தொண்டையில் சிக்கியது. அதே வருஷம் ஜூன் 30, மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடைய தோழர்களும் மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். பஸ்ஸை மறித்தார்கள், ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஜூலையில் அரசு, கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பேரையும் எடுத்துவிட்டது. ஒரு பேரைக் காப்பாற்ற முடியாமல் எல்லாப் பேரையும் அழித்தது. இன்றைக்கு பஸ்ஸில் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்ற மொட்டைப் பேரைப் பார்த்து, சாதியில்லாத பொதுமை என்று நினைப்பவர்கள் இருக்கலாம். எனக்கு அது தோல்வியின் மேல் அடித்த பெயிண்ட்.

6

இனி ஆம்னி. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரைவர் போக ஆறு பேருக்கு மேல் ஏற்றுகிற எந்த மோட்டார் வண்டியும் 'ஆம்னிபஸ்'தான். அரசு டவுன் பஸ்ஸும் அதில் அடக்கம். அதே சட்டம் இன்னொரு பிரிப்பும் செய்கிறது. தனித்தனி டிக்கெட்டுக்கு ஆளேற்றி நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏற்றி இறக்குவது ஸ்டேஜ் கேரேஜ். மொத்த வண்டியையும் ஒப்பந்தம் பேசி அமர்த்திக்கொள்வது காண்டிராக்ட் கேரேஜ். இதில் வழியில் ஆளேற்றக் கூடாது. ஸ்டேஜ் கேரேஜ் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. தொலைதூரத் தடங்கள் அரசிடம் போன பிறகு, தனியார் முதல் இரண்டாவது கதவு வழியாக உள்ளே வந்தது. காகிதத்தில் அது கல்யாண வண்டி மாதிரி, ஒரு குழு அமர்த்தியது. நடப்பில் ஆளாளுக்கு டிக்கெட். அதற்கு மக்கள் வாயில் நிலைத்த பேர் 'ஆம்னி பஸ்'.

இதில்தான் வரலாற்றின் குசும்பு. ஆங்கிலேயன் வெட்டி எறிந்த 'ஆம்னி', எல்லாம் என்கிற அந்தப் பெயர்ப்பகுதி, நூற்றைம்பது வருஷம் கழித்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது. ஆனால் எல்லோரையும் விட்டுவிட்டு வந்தது. இப்போது 'ஆம்னி' என்பது வழியில் நிற்காத, கைகாட்டினால் ஏற்றாத வண்டியின் அடையாளம். 'எல்லாம்' உள்ள வண்டி என்று வேண்டுமானால் பொருள் கொள்ளலாம்: ஏசி, படுக்கை எல்லாம். 'எல்லோர்' உயர்திணை, 'எல்லாம்' இன்றைய வழக்கில் அஃறிணை. இந்தத் திணை மாற்றத்தில் தாராளமயத்தின் முப்பது வருஷமும் அடங்கியிருக்கிறது. மனிதர்களுக்கு உரிமை என்பது போய், வசதிகளின் பட்டியல் வந்து உட்கார்ந்துவிட்டது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சந்தைக்குப் போகிற, வீட்டு வேலைக்குப் போகிற, கட்டட வேலைக்குப் போகிற பெண்கள் கூட்டமாக ஏறினார்கள். 1829இல் ஷில்லிங் இல்லாததால் வெளியே நின்றவர்களின் வாரிசுகள் என்று அவர்களைச் சொல்லலாம். அடுத்த வருஷமே ஓர் அமைச்சர் மேடையில் அதை 'ஓசி' என்றார். சில பெண்கள் கண்டக்டரிடம் காசை நீட்டி, 'எனக்கு ஓசி வேணாம், டிக்கெட் குடு' என்றார்கள். நான்காம் வேற்றுமையின் கொடைப் பொருளை அவர்கள் மறுத்தார்கள். அவர்கள் கேட்டது முறைப் பொருள். அதுவும் நன்னூலார் பட்டியலில் இருக்கிறது.

நாம் எழுதுகிறவர்கள், இயக்கத்தில் வேலை செய்கிறவர்கள், இந்த உருபைக் கையிலெடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய கேள்விகள் சாதாரணமானவை. பஸ் ஊருக்குள் திரும்பிவிடுகிறதா, காலனி வரைக்கும் வருகிறதா? நிழற்குடையில் யார் உட்காரலாம்? கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? தடம் நட்டம் என்று சொல்லி எந்த நடையை நிறுத்தினார்கள், அதில் யார் போய்க்கொண்டிருந்தார்கள்? பதில்களைச் சேர்த்து வைத்தால், அகராதியில் 'பஸ்' என்ற சொல்லுக்கு எதிரே என்ன பொருள் எழுதலாம் என்று தெரிந்துவிடும்.