பேக்டு பீன்ஸ், ஜாடியில் அடைத்தல்

வெள்ளை உலர் பீன்ஸை மொலாசஸ், உப்பிட்ட பன்றிக்கொழுப்பு, கடுகுத்தூள் ஆகியவற்றோடு மணிக்கணக்கில் சூட்டடுப்பில் வேகவிட்டு எடுக்கும் உணவு பேக்டு பீன்ஸ். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதிக்கு உரியது. இதை வீட்டில் சமைத்துக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, பிரஷர் கேனர் எனப்படும் அழுத்தக்கலனில் ஆவியேற்றி, குளிர்பெட்டியின் துணையில்லாமல் ஓராண்டு வரை வைத்திருக்கும் வழக்கம் அந்நாட்டுக் குடும்பங்களில் உண்டு. பீன்ஸ் அமிலம் குறைந்த உணவு. ஆகவே ஜாம், ஊறுகாய், அமிலம் சேர்த்த தக்காளி போன்றவற்றுக்குப் போதுமான கொதிநீர் முறை இதற்கு உதவாது. ஜாடியின் நடுப்பகுதி 100 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேற வேண்டும். அந்தச் சூடு திறந்த பாத்திரத்தில் கிடைக்காது.

உணவின் பின்புலம்

மாசசூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் சனிக்கிழமை மாலையிலேயே ஓய்வுநாளைத் தொடங்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் சமையல் வேலை கூடாது. எனவே வயிறு பருத்து வாய் குறுகிய மண்பானையில் பீன்ஸை இட்டுச் செங்கல் அடுப்பின் ஆறும் சூட்டில் விட்டுவிடுவது வழக்கமாயிற்று. சனி இரவும் ஞாயிறு காலையும் அதுதான் சாப்பாடு. மொலாசஸ், கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பின் மிஞ்சும் கரும்பாகு. கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த இப்பாகு பாஸ்டன் துறைமுகத்தில் வந்திறங்கி, பெரும்பகுதி ரம்மாகக் காய்ச்சப்பட்டது. மீதி பீன்ஸ் பானைக்குப் போயிற்று. இவ்வுணவைப் பிரான்சின் கசுலே என்னும் பீன்ஸ் உணவோடு உறவுபடுத்துவோர் உண்டு. பீன்ஸ் பயிரே அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. தணல் நிரப்பிய குழியில் பானையைப் புதைத்து வேகவைக்கும் முறை மேய்ன் மாநிலத்தில் இன்றும் நிலவுகிறது. எனவே தொல்குடிகளிடமிருந்து கற்றது எனக் கருதுவோரும் உண்டு. நேவி பீன் எனப்படும் சிறு வெள்ளை வகையே பொதுவாகப் பயன்படுகிறது. மேய்ன் மக்கள் யெல்லோ ஐ, சோல்ஜர் ஆகிய பெரிய வகைகளை விட்டுக்கொடுப்பதில்லை. பிரிட்டனில் டோஸ்ட்டின் மேல் ஊற்றித் தின்னும் தக்காளிச் சாறு பீன்ஸ் இதிலிருந்து கிளைத்த ஆலைச் சரக்கு, இக்கட்டுரைக்குப் புறம்பானது.

முறையின் வரலாறு

இன்றைய அழுத்தக்கலனுக்கு மூதாதை, பிரெஞ்சு இயற்பியலார் தெனி பாப்பன் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியாருக்குக் காட்டிய ஆவிக்கலம். எலும்பைக் குழைய வேகவைப்பதே அதன் நோக்கம். கலம் வெடிக்காதிருக்க அவர் பொருத்திய சேஃப்டி வால்வுதான் பின்னாளில் நீராவி எந்திரங்களிலும் குக்கர்களிலும் ஏறியது. 1682இல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து விருந்தும் வைத்தார். உணவைக் கெடாமல் காக்க இக்கலம் உதவும் என்பது வெளிப்பட மேலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அடைத்துச் சூடேற்றினால் உணவு கெடாது என்பதை நிறுவியவர் நிக்கோலா அப்பேர். பாரிஸில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர். ஷாம்பெயின் புட்டிகளில் காய்கறி, இறைச்சிக் குழம்பு, பால் முதலியவற்றை நிரப்பி, தக்கையடித்துக் கம்பியால் இறுக்கி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். தம் முறையை நூலாக வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் அவருக்கு 12,000 ஃபிராங்க் வழங்கியது. நூல் 1810இல் வந்தது. ஏன் கெடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. காற்றை வெளியேற்றியதே காரணம் என்று அக்கால வேதியியலார் நம்பினர். பிரெஞ்சு அறிவியலார் லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களைச் சுட்டிக்காட்டும் வரை அந்த நம்பிக்கை அசையவில்லை. அதே 1810இல் லண்டனில் பீட்டர் டுராண்ட் தகரப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். பிரையன் டாங்கின், ஜான் ஹால் ஆகியோரின் ஆலை 1813 முதல் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தகரத்தில் அடைத்த இறைச்சியை அனுப்பியது.

கொதிநீரில் ஐந்து மணி, ஆறு மணி நேரம் வைப்பது ஆலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1860களில் பால்டிமோரின் ஐசக் சாலமன் நீரில் கால்சியம் குளோரைடு கரைத்து அதன் கொதிநிலையை உயர்த்தினார். நேரம் பெரிதும் குறைந்தது. ஆனால் பெட்டிகள் உள்ளழுத்தம் தாளாமல் வெடித்தன. அதே ஊரின் ஷ்ரைவர் 1874இல் மூடிய கலத்தில் ஆவியை அழுத்தி ஊட்டும் ரிட்டார்ட்டை அமைத்தார். கலத்திலும் அழுத்தம், பெட்டிக்குள்ளும் அழுத்தம் என்பதால் தகரம் தாக்குப்பிடித்தது. இன்று வீட்டில் பயன்படும் அழுத்தக்கலன் அந்த ரிட்டார்ட்டின் சிறு வடிவம்தான்.

ஜாடியின் கதை தனி. நியூயார்க்கில் ஜான் லேண்டிஸ் மேசன் 1858 நவம்பர் 30இல் கழுத்தில் மரை வெட்டிய கண்ணாடி ஜாடிக்கும் துத்தநாக மூடிக்கும் காப்புரிமை பெற்றார். அவருக்கு அதில் செல்வம் சேரவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்ததும் பலர் அவர் ஜாடியைச் செய்தனர். இந்தியானாவின் மன்சி நகரில் நிலைகொண்ட பால் சகோதரர்களின் ஆலை அவர்களில் பெரியது. அலெக்சாண்டர் கெர்ரின் நிறுவனம் 1915இல் கொண்டுவந்த ஈருறுப்பு மூடி, அதாவது விளிம்பில் ரப்பர்ப் பசை பூசிய தட்டையான தகடும் அதைப் பிடித்துநிறுத்தும் திருகு வளையமும், இன்றும் மாறவில்லை. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் தகடு கீழே இழுபட்டு 'டிங்' என்று ஒலிக்கும். அடைப்பு விழுந்ததற்கு அதுவே அடையாளம்.

அறிவியலார் ஆலைக்குள் அழைக்கப்பட்டது நோயாளிகளுக்காக அல்ல, உப்பிய பெட்டிகளால் வந்த நட்டத்துக்காக. 1895இல் பாஸ்டனின் பழைய அடைப்பு ஆலைக் குடும்பத்தவரான வில்லியம் லைமன் அண்டர்வுட் கெட்டுப்போன கிளிஞ்சல் பெட்டிகளோடு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை நாடினார். அங்கே சாமுவேல் பிரெஸ்காட்டுடன் சேர்ந்து, பெட்டியின் நடுப்பகுதி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். கொதிநிலையிலும் சாகாத வித்துகளைச் சில பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன என்பதும், அவற்றை அழிக்க ஏறத்தாழ 120 பாகை வேண்டும் என்பதும் தெளிவாயின.

அதே 1895இன் டிசம்பரில் பெல்ஜியத்தின் எல்செல் சிற்றூரில் ஓர் இறப்புச் சடங்குக்கு வந்த இசைக்குழுவினர் உப்பிட்ட பன்றித்தொடைக் கறியை உண்டு நோயுற்றனர்; மூவர் இறந்தனர். பாக்டீரியவியலார் எமில் வான் எர்மெங்கெம் அந்தக் கறியிலிருந்து நச்சுப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அது கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் எனப்படுகிறது. பொட்டுலிசம் எனப்படும் இந்நோய் இறைச்சியால் மட்டுமே வரும் என்று மருத்துவர்கள் பல ஆண்டுகள் எண்ணியிருந்தனர். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் எர்னஸ்ட் டிக்சன் வீட்டில் அடைத்த காய்கறிகளை ஆராய்ந்து அந்த எண்ணத்தை உடைத்தார். அவருடைய பெருநூல் 1918இல் வெளிவந்தது.

1919இலும் அடுத்த ஆண்டிலும் கலிபோர்னியாவில் ஜாடியிலடைத்த ஆலிவ் காய்களால் ஓஹையோவின் கான்டன் உட்படப் பல ஊர்களில் உயிரிழப்பு நேர்ந்தது. ஆலிவ் வணிகம் ஆட்டங்கண்டது. அந்த நெருக்கடியில் எஸ்டி, மெயர் என்னும் ஆய்வாளர் இருவரும் செய்த ஆய்வு 1922இல் வெளிவந்தது: பல திரிபுகளின் வித்துகளை வெவ்வேறு சூட்டில் வைத்து, அவை சாகும் நேரத்தை நிமிடக் கணக்கில் பதிந்தனர். ஒரு லட்சம் கோடி வித்துகள் இருந்தால் ஒன்றே எஞ்சும் அளவுக்குச் சூடேற்ற வேண்டும் என்ற தொழில்விதி இந்த எண்களிலிருந்து எழுந்தது. 121 பாகையில் அதற்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் போதும். வீட்டு அட்டவணையில் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதற்குக் காரணம், அந்தச் சூடு கெட்டியான பீன்ஸ் ஜாடியின் நடுவை மெல்ல மெல்லவே எட்டுவதுதான்.

வீடுகளுக்கு இந்த அறிவைக் கொண்டுசேர்த்தவர்கள் அரசு விரிவாக்கப் பணியாளர்கள். தென் கரோலினாவின் ஏக்கன் மாவட்டத்தில் 1910இல் பள்ளி ஆசிரியை மரீ சாமுவெல்லா குரோமர் தொடங்கிய, தக்காளி விளைத்து அடைக்கும் சிறுமியரின் தக்காளிச் சங்கம் பல மாநிலங்களுக்குப் பரவியது. 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டம் அவ்வேலையைப் பல்கலைக்கழகங்களோடு இணைத்தது. அன்று கற்பிக்கப்பட்டவற்றுள் இயற்பியலார் ஜான் டிண்டலின் இடைவிட்ட சூடேற்றமும் ஒன்று: மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கொரு முறை கொதிக்கவைப்பது. 1917இல் அமெரிக்க வேளாண் துறை, அமிலம் குறைந்த உணவுகளுக்கு அழுத்தக்கலன் ஒன்றே வழி என்று அறிவித்தது. இரண்டாம் உலகப்போரின்போது உலோகப் பற்றாக்குறையால் ஊர்ப் பொது அடைப்பு மையங்களில் ஒரே கலனைப் பல குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்தின.

வகைப்பாடு

வீட்டு அடைப்பு முறைகள் ஐந்து: சூடான உணவை ஊற்றி மூடிவிடும் திறந்த கெண்டி முறை, சூட்டடுப்பு முறை, கொதிநீர் முறை, அழுத்தமற்ற ஆவி முறை, அழுத்தக்கலன் முறை. முதலிரண்டும் எந்த உணவுக்கும் ஏற்றவை அல்ல. அடுத்த இரண்டும் அமிலக் காரக் குறியீடு 4.6க்குக் கீழ் உள்ள உணவுக்கு மட்டும் பொருந்தும். பீன்ஸுக்கு ஐந்தாவது மட்டுமே. பாட்டி மூன்று மணி நேரம் கொதிநீரில் வைத்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று வாதிடும் பிடிவாதக்காரர்கள் இன்றும் உள்ளனர். மண்ணில் விளைந்த எந்தப் பருப்பிலும் இந்த வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். காற்றில்லாத, ஈரமுள்ள, அமிலமற்ற ஜாடி அவை முளைக்க உகந்த இடம். நச்சு உண்டானாலும் வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது.

செய்முறை

அமெரிக்க வேளாண் துறைக் கையேட்டின்படி, ஏழு குவார்ட் ஜாடிகளுக்குச் சுமார் 5 பவுண்டு உலர் பீன்ஸ் வேண்டும். ஒரு குவார்ட் 946 மில்லிலிட்டர். பீன்ஸை 12 முதல் 18 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அவசரமானால் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஒரு மணி நேரம் மூடிவைக்கலாம். ஊறல் நீரை வடித்துவிட்டு, புதுநீரில் மறுபடி கொதிக்கவைத்து அந்த நீரையே பாகுக்கு வைத்துக்கொள்ளலாம். பாகின் அளவு: நான்கு கப் நீர், 3 மேசைக்கரண்டி கருமொலாசஸ், 1 மேசைக்கரண்டி வினிகர், 2 தேக்கரண்டி உப்பு, முக்கால் தேக்கரண்டி கடுகுத்தூள். இவ்வளவு குறைந்த வினிகர் சுவைக்குத்தான். அதை நம்பி நேரத்தைக் குறைக்கக் கூடாது. முக்கால் அங்குலப் பன்றியிறைச்சித் துண்டுகள் ஏழினைப் பானையிலிட்டு, பீன்ஸைக் கொட்டி, மூழ்கும் வரை பாகு ஊற்றி, மூடி 177 பாகையில் நான்கைந்து மணி நேரம் சுட வேண்டும். மணிக்கொரு முறை பார்த்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும். வறண்ட பீன்ஸ் ஜாடியில் கட்டியாகி, சூடு உள்ளே புகுவதைத் தடுக்கும். மாவோ சோள மாவோ சேர்த்துக் கெட்டியாக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

சூடாகவே ஜாடிகளில் நிரப்பி மேலே ஓர் அங்குலம் இடம் விட வேண்டும். காற்றுக் குமிழ்களை மரக்குச்சியால் நீக்கி, விளிம்பைத் துடைத்து, மூடியைக் கையால் இறுக்கலாம். கலனில் இரண்டு மூன்று அங்குல நீர் போதும். மூடி பூட்டிய பின் ஆவி சீறி வெளியேற பத்து நிமிடம் விட வேண்டும். இதைத் தவிர்ப்போர் பலர். உள்ளே காற்று தங்கிவிட்டால் அளவி சரியான அழுத்தத்தைக் காட்டும், சூடு மட்டும் குறைவாக இருக்கும். அதன் பிறகு வெயிட்டை வைத்து, பைன்ட் (அரைக் குவார்ட்) ஜாடிகளுக்கு 65 நிமிடமும் குவார்ட்டுக்கு 75 நிமிடமும் வைக்க வேண்டும். முள் அளவி உள்ள கலனில் சதுர அங்குலத்துக்கு 11 பவுண்டு. எடைக் குண்டு உள்ளதில் 10 பவுண்டு. உயரம் கூடினால் அழுத்தமும் கூட வேண்டும்: 1,000 அடிக்கு மேல் குண்டு 15 பவுண்டு. முள் அளவிக்கு 2,000 அடி தாண்டினால் 12, 4,000 தாண்டினால் 13, 6,000 தாண்டினால் 14. எனவே 5,280 அடி உயர டென்வரில் முள் 13இல் நிற்க வேண்டும்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துத் தானாக ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றியோ வெயிட்டைத் தூக்கியோ அவசரப்பட்டால் ஜாடியிலிருந்து பாகு வெளியே இழுபடும். ஆறும் நேரமும் கொல்லும் நேரத்தில் சேர்ந்ததே. இந்தியச் சமையலறையின் குக்கர் இவ்வேலைக்கு ஆகாததும் இதனால்தான்: அது விரைவில் சூடேறி விரைவில் ஆறும். நான்கு குவார்ட் ஜாடியாவது நிற்கக்கூடிய கலனையே கையேடு ஏற்கிறது. ஆறிய ஜாடிகளின் திருகு வளையத்தைக் கழற்றி, இருளும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் வைக்கலாம். ஐயம் இருந்தால் ருசி பார்க்காமலே கொட்டிவிட வேண்டும்.

நோய் நிலவரம்

1996 முதல் 2014 வரை அமெரிக்காவில் உணவுவழிப் பொட்டுலிசப் பரவல்கள் 210; அவற்றில் 145 வீட்டில் செய்த உணவால். அவற்றிலும் 43 வீட்டில் அடைத்த காய்கறிகளால். 2015 ஏப்ரலில் ஓஹையோவின் லங்காஸ்டரில் ஒரு தேவாலய விருந்தில், கொதிநீர் முறையில் அடைத்த உருளைக்கிழங்கால் ஆன சாலடை உண்ட 29 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார். பீன்ஸ் அல்ல என்றாலும் பிழை அதேதான்.

இன்று

கையேட்டின் 2015 பதிப்பில் நேரங்கள் மாறவில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது தோட்டம் போட்டவர்கள் பெருகி மூடித் தகடுகள் கடைகளில் கிடைக்காமல் போயின. மின்சார மல்டிகுக்கர்களில் ஜாடி அடைப்பதை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தேசிய வீட்டு உணவுப் பாதுகாப்பு மையம் பரிந்துரைப்பதில்லை.