கடன் வரலாற்றுப் பதிவு: மாநில அரசின் அதிகாரம் எதுவரை?

மைசூரு: நுண்கடன் வசூல் முகவர்களின் நெருக்கடிக்கு அஞ்சி, மைசூரு, சாமராஜநகர் மாவட்டங்களில் சில குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு வெளியேறியதாக 2025 ஜனவரியில் செய்திகள் வெளியாயின. முதலமைச்சர் சித்தராமையாவின் சொந்த மாவட்டத்திலும் எழுந்த இப்புகார்களைத் தொடர்ந்து கர்நாடக அரசு அவசரச் சட்டம் ஒன்றைத் தயாரித்தது. அதனை முதலில் திருப்பி அனுப்பிய ஆளுநர் தாவர்சந்த் கெலாட், பிப்ரவரி 12-இல் ஒப்புதல் அளித்தார். மிரட்டி வசூலிப்போருக்கு 10 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் ரூ.5 லட்சம் வரை அபராதமும் விதிக்க அது வகைசெய்தது.

எனினும், கடன் வரலாற்று அறிக்கையில் 'நிலுவை' என ஏறிவிட்ட பதிவை மாநில அரசால் நீக்க இயலாது.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வட்டித்தொழில் மாநிலப் பட்டியலின் 30-ஆவது இனமாகவும், வங்கித்தொழில் மத்தியப் பட்டியலின் 45-ஆவது இனமாகவும் உள்ளன. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்குக் கேரள, குஜராத் வட்டித்தொழில் சட்டங்கள் பொருந்தா என 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கர்நாடகத்தின் அவசரச் சட்டமும் அத்தகைய நிறுவனங்களுக்கு விலக்களித்தது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இயங்குகின்றன. இதில் ஒரு முரண் உண்டு. உரிமமோ பதிவோ இல்லாதோர் நலிந்த பிரிவினருக்கு அளித்த கடன் முற்றிலும் தீர்ந்ததாகக் கருதப்படும் என்றது கர்நாடகச் சட்டம். ஆனால், அத்தகைய கடன்கள் பொதுவாக இந்த அறிக்கைகளில் இடம்பெறுவதே இல்லை. அறிக்கையில் இடம்பெறும் கடன்களோ பெரும்பாலும் மாநிலத்தின் வரம்புக்கு வெளியே உள்ளவை.

ஆகவே, தவறான பதிவு குறித்து மாவட்ட நிர்வாகத்திடமோ காவல் நிலையத்திடமோ முறையிடுவதால் பதிவு மாறிவிடாது. கடன் அளித்த நிறுவனத்திடமோ கடன் தகவல் நிறுவனத்திடமோ முதலில் புகார் அளிக்க வேண்டும். 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிடில், அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீடு பெறலாம். 2024 ஏப்ரல் 26 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது. முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நிறுவனத்திடமும் கட்டணமின்றிப் பெறலாம் என்பது பலர் அறியாத உரிமை.

அதன்பின்னரும் தீர்வு கிட்டாதோர் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை இலவசமாக அணுகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் 2022 செப்டம்பர் 1 முதல் இத்திட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டுள்ளன. இணையவழியில் புகார் அளிக்க இயலாதவர்கள், சண்டீகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குக் கடிதம் அனுப்பலாம்.