நகல் கொடுக்கும் முன் பெயர் வெட்டுங்கள்: நீர்க்குறி எதைக் காக்கும், எதைக் காக்காது?

கல்யாண வீட்டுக்கோ கோயில் அன்னதானத்துக்கோ இரவல் போன எவர்சில்வர் அண்டா, விளிம்பில் வெட்டியிருக்கும் பெயரால்தான் சரியான வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பெயர் வெட்டிய அண்டாவை யாரும் தூக்கிப் போக முடியாது என்றில்லை. தூக்கிப் போனாலும் அது யாருடையது என்பதில் வாக்குவாதம் எழாது.

கணினியிலும் கைப்பேசியிலும் உள்ள படம், பாட்டு, காணொளி, ஆவணம் ஆகியவற்றுக்கு இப்படிப் பெயர் வெட்டும் முறைதான் இலக்கவியல் நீர்க்குறி. ஆங்கிலத்தில் டிஜிட்டல் வாட்டர்மார்க் என்பார்கள். நீர்க்குறிக்கு மலாயில் தெரா ஆயர் என்று பெயர். இது பூட்டு அல்ல. நகல் எடுப்பதை இது தடுக்காது. பொருள் யாருடையது, யார் கையிலிருந்து வெளியே போனது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இது படத் தயாரிப்பாளர்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டும் உரிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வேலைக்கு மனுச் செய்யவும், வாடகைக்கு வீடு எடுக்கவும், தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கவும் இன்று மைகாட் அடையாள அட்டையின் படம் புலனத்தில் அனுப்பப்படுகிறது. அந்தப் படம் கைமாறி, வேறொருவர் அதை வைத்துக் கடன் கேட்டால், வட்டி முதலையின் ஆட்கள் வாசலில் வந்து நிற்கும்வரை அட்டைக்குரியவருக்கு எதுவும் தெரியாமல் போகலாம். வெறும் நகலுக்கும் குறி போட்ட நகலுக்கும் உள்ள வேறுபாடு அப்போதுதான் புரியும்.

காகிதத்தில் தொடங்கிய பழக்கம்

நீர்க்குறி 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரக் காகிதப் பட்டறைகளில் தோன்றியது. காகிதக் கூழை வடிகட்டும் சல்லடையில் கம்பியை வளைத்து ஓர் உருவத்தைத் தைத்துவிடுவார்கள். கம்பி இருந்த இடத்தில் காகிதம் சற்று மெலிந்து போகும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உருவம் தெரியும். எந்தப் பட்டறையின் காகிதம் என்பதை அதை வைத்தே வணிகர்கள் அறிந்தார்கள்.

மலேசியர்கள் இதை அன்றாடம் கையில் வைத்திருக்கிறார்கள். 10, 20, 50, 100 ரிங்கிட் நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தால், நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் உருவம் காகிதத்துக்குள் நிழலாகத் தெரியும். புழக்கத்தில் உள்ள 1 ரிங்கிட், 5 ரிங்கிட் நோட்டுகள் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றில் கண்ணாடி போன்ற பகுதி வைக்கப்பட்டுள்ளது.

பாட்டுக்குள் மறைத்த குறி

கண்ணுக்குத் தெரியாத குறியின் வரலாறு ஒலியில் தொடங்குகிறது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசை வழங்கிய அமெரிக்காவின் மியூசாக் நிறுவனத்தைச் சேர்ந்த எமில் ஹெம்புரூக், 1954இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இசையின் ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் விட்டு விட்டு நீக்கி, மோர்ஸ் தந்திக் குறிபோல் அடையாளத்தைப் பதிக்கும் முறை அது. கேட்பவர் காதுக்கு வித்தியாசம் தெரியாது. கருவிக்குத் தெரியும்.

கணினிக் காலத்தில் இதற்கு நீர்க்குறி என்ற பெயரைச் சூட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் ஆய்வு செய்த ஆண்ட்ரூ டிர்கெல், சார்ல்ஸ் ஆஸ்போர்ன் ஆகியோர். ஆண்டு 1992.

எப்படி வேலை செய்கிறது?

நீர்க்குறியில் இரண்டு வகை உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிவது. கல்யாணப் படம் எடுப்பவர் மாதிரிப் படங்களின் குறுக்கே தம் நிறுவனப் பெயரை மங்கலாகப் போட்டு அனுப்புவது இந்த வகை. பணம் கட்டிய பிறகு பெயர் இல்லாத படம் கிடைக்கும்.

மற்றது கண்ணுக்குத் தெரியாதது. கணினியில் ஒரு படம் என்பது லட்சக்கணக்கான சிறு புள்ளிகள். சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 0 முதல் 255 வரையிலான எண்களாகப் பதிவாகின்றன. 200 என்று இருப்பதை 201 ஆக்கினால் யார் கண்ணுக்கும் தெரியாது. இப்படிப் பல புள்ளிகளை ஒரு விதிப்படி மாற்றினால், அந்த விதி தெரிந்த மென்பொருள் உள்ளே இருக்கும் பெயரையோ எண்ணையோ படித்துவிடும்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. புலனத்தில் வழக்கமான முறையில் படத்தை அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. அந்தச் சுருக்கத்தில் இப்படிப்பட்ட நுண்ணிய மாற்றங்கள் அழிந்துபோகும். படத்தோடு சேமிக்கப்பட்டிருக்கும் தேதி, இடம் போன்ற விவரங்களும் அப்படியே கழன்றுவிடும்.

இங்மார் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது. கண் கவனிக்காத மூலையில் குறியை ஒளிக்காமல், படத்துக்கு உயிரான பகுதிகளிலேயே மிகச் சிறு அளவில் பரப்பி வைக்க வேண்டும் என்றது அது. சோற்றின்மேல் தூவிய உப்பைத் தட்டிவிடலாம். குழம்பில் கரைந்த உப்பை எடுக்க முடியாது. குறியை அழிக்கப் போனால் படமும் கெட்டுப்போகும்.

கசிவு எங்கே என்று காட்டும்

ஒவ்வொரு நகலுக்கும் வெவ்வேறு குறி போடுவதுதான் இந்த முறையின் பெரிய பலம். ஆஸ்கார் விருதுக்கு வாக்களிக்கும் உறுப்பினர்களுக்குப் படங்களின் நகல் முன்கூட்டியே அனுப்பப்படுவது அப்போது வழக்கமாக இருந்தது. 2004இல் அப்படிப்பட்ட நகல்கள் இணையத்தில் கசிந்தபோது, உள்ளே இருந்த குறி அவை நடிகர் கார்மைன் கரிடிக்கு அனுப்பப்பட்டவை என்று காட்டியது. நண்பர் ஒருவருக்கு அவற்றைக் கொடுத்ததாக அவர் ஒப்புக்கொண்டார். ஆஸ்கார் கழகம் அவரை நீக்கியது. வழக்கில் 3 லட்சம் டாலர் கட்டும்படி தீர்ப்பும் வந்தது.

திரையரங்குகளிலும் இதே ஏற்பாடு உண்டு. ஹாலிவுட் நிறுவனங்கள் 2005இல் வகுத்த டிசிஐ தர விதிகளின்படி, ஒளிபரப்பும் கருவியே படத்திலும் ஒலியிலும் எந்த இடம், எந்த நேரம் என்ற குறியைப் பதிக்க வேண்டும். கைப்பேசியில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலும் குறி அதனோடு சேர்ந்தே போகும். மலேசியாவில் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ், திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வது குற்றம். குறைந்தது 10,000 ரிங்கிட், கூடியது 100,000 ரிங்கிட் அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். புதுத் தமிழ்ப் படத்தின் ஒரு காட்சியை நண்பர்களுக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. முழுப் படம் மட்டுமல்ல, ஒரு பகுதியும் இதில் அடங்கும்.

வண்ண அச்சுப்பொறிகள் சிலவும் குறி போடுகின்றன. அச்சிடும் தாளில் மிகச் சிறிய மஞ்சள் புள்ளிகள் விழுகின்றன. 2005இல் அமெரிக்காவின் இஎஃப்எஃப் அமைப்பு ஜெராக்ஸ் டாக்யுகலர் வகை இயந்திரத்தின் புள்ளிகளைப் படித்து, அவற்றில் தேதி, நேரம், இயந்திரத்தின் வரிசை எண் இருப்பதை வெளியிட்டது.

கையும் களவுமாகப் பிடித்தும் தோற்ற வழக்கு

நீர்க்குறியால் முடியாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாடல் வரிகளை வெளியிடும் ஜீனியஸ் நிறுவனம், வரிகளில் வரும் அப்போஸ்ட்ரஃபி குறிகளைச் சில இடங்களில் நேராகவும் சில இடங்களில் வளைவாகவும் மாற்றி மாற்றிப் போட்டது. அவற்றை மோர்ஸ் குறியாகப் படித்தால், கையும் களவுமாகப் பிடிபட்டதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் கிடைக்கும். கூகுள் தேடலில் வந்த வரிகளிலும் அதே குறிகள் இருப்பதாக 2019இல் அது குற்றம்சாட்டியது. உரிமம் பெற்ற வேறு நிறுவனங்களிடமிருந்தே வரிகள் வருவதாகக் கூகுள் விளக்கம் அளித்தது.

ஜீனியஸ் தொடுத்த வழக்கு 2020இல் தள்ளுபடியானது. பாடல் வரிகளின் பதிப்புரிமை ஜீனியஸுக்குச் சொந்தமல்ல. அது பாடலை எழுதியவர்களுக்கும் வெளியீட்டாளர்களுக்கும் உரியது. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறி காட்டலாம். இல்லாத உரிமையைக் குறி உண்டாக்காது.

உரிமை உள்ளவர்களுக்கு மலேசியச் சட்டம் துணை நிற்கிறது. படைப்பு உருவானதுமே பதிப்புரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. எனினும் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் விருப்பத்தின்பேரில் அறிவிக்கலாம். தகராறு வந்தால் அந்தப் பதிவேட்டின் சான்று நீதிமன்றத்தில் முதல் ஆதாரமாக ஏற்கப்படும். படைப்பு யாருடையது என்று காட்டும் மின்னியல் தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவதைச் சட்டத்தின் 36பி பிரிவு தடை செய்கிறது. உள்ளூர்ப் பாடகர், படப்பிடிப்பாளர், பயிற்சி நூல் தயாரிக்கும் ஆசிரியர் ஆகிய எல்லாருக்கும் இது பொருந்தும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்கள்

செயற்கை நுண்ணறிவால் உருவான படங்களிலும் இப்போது நீர்க்குறி இடப்படுகிறது. கூகுளின் சிந்த்ஐடி முறை 2023இல் அறிமுகமானது. ஆனால் எல்லா நிறுவனங்களும் குறி போடுவதில்லை. பிரமுகர் ஒருவர் முதலீடு செய்யச் சொல்வதுபோல் வரும் காணொளியில் குறி இல்லை என்பதால் அது அசல் ஆகிவிடாது.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

மைகாட் நகல் கொடுக்கும்போது விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை. கைப்பேசியில் படங்களைத் திருத்தும் வசதியும் ஒரு நிமிட நேரமும் போதும்.

1. நகலின் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு, அவற்றுக்கு இடையே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று எழுதவும். மலாயில் 'உந்தோக் கெகுனாஆன்' என்று தொடங்கி, காரியத்தைக் குறிப்பிட்டு, 'சஹாஜா' என்று முடிப்பது வழக்கம். இன்ன பயன்பாட்டுக்கு மட்டும் என்பது அதன் பொருள்.

2. எழுத்து ஓரத்தில் இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். அட்டையின் படத்தின்மீதே செல்ல வேண்டும். ஆனால் பெயர், எண், முகம் ஆகியவை படிக்கும்படி இருக்கட்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் நகலைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

3. ஒருவருக்குக் கொடுத்த நகலை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனி நகல், தனிக் குறிப்பு. யாருக்கு எப்போது கொடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கவும்.

4. வெர்ட் கோப்பில் போடும் நீர்க்குறியைப் பெறுபவர் எளிதில் நீக்கிவிடலாம். பிடிஎஃப் கோப்பின்மேல் ஒட்டிய குறிப்பும் அப்படித்தான். குறி போட்ட பின் முழுப் பக்கத்தையும் படமாக மாற்றி அனுப்புவது மேல்.

5. பிரத்தியேக வகுப்பு ஆசிரியர்கள் தாங்கள் தயாரித்த பயிற்சித் தாள்களை அனுப்பும்போது, ஒவ்வொரு பக்கத்திலும் பெறும் மாணவரின் பெயரைப் போடலாம். தம் பெயர் உள்ள தாளை மற்றவருக்கு அனுப்பப் பலரும் தயங்குவார்கள்.

6. அசல் சான்றிதழிலோ அசல் அடையாள அட்டையிலோ எதையும் எழுதக்கூடாது. குறி நகலுக்கு மட்டுமே.

எழுத்தை அழிக்கும் செயலிகளும் இப்போது உண்டு. ஆகவே குறி போட்ட நகல் என்பதற்காகக் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதை விசாரிப்பதே முதல் பாதுகாப்பு.

நகல் தவறாகப் பயன்பட்டதாகத் தெரிந்தால், உடனே போலீசில் புகார் செய்து அதன் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். தம் பெயரில் வங்கிக் கடன் இருக்கிறதா என்பதைப் பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் சேவையில் பார்க்கலாம். இணைய மோசடியில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 997 எண்ணில் தேசிய மோசடி மறுமொழி மையத்தை அழைக்க வேண்டும்.

புகார் கொடுக்கும்போது, வேலை மனுவுக்கு மட்டும் என்று தேதியோடு எழுதிய நகல் கடன் கோப்பில் எப்படி வந்தது என்று கேட்க முடியும். எதுவும் எழுதாத நகலாக இருந்தால், அதைக் கொடுத்தவரால் அந்தக் கேள்வியைக் கேட்பதே கடினம்.